நாளைக்கு எழுதிட்டு வர்றேன் சார்!

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். படிக்காமல் கைகூப்பும் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். யார் படித்தீர்கள், யார் படிக்கவில்லை என்பது எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும்.

பத்து நாளாக நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே செய்தி சுற்றுகிறது. 2027 ஏப்ரல் 1 முதல் வங்கிகளுக்கு வெளிநாட்டுக் கணக்கு முறை வருகிறதாம். முப்பது நாள் தவணை தவறினாலே ஆளை மோசமான பட்டியலில் சேர்த்துவிடுவார்களாம். ஏழைக்கு இனி கடனே கிடையாதாம். ஆகவே இதை நிறுத்த வேண்டுமாம், குறைந்தது இன்னும் சில வருடமாவது தள்ளிப்போட வேண்டுமாம். இதை அனுப்பியவர்களில் என்னிடம் வகுத்தல் கணக்கு படித்தவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு முறை வர வேண்டும். ஏற்கெனவே ஒன்பது வருடம் தாமதம். தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வங்கித் தலைவர்கள் அல்ல, உங்களையும் என்னையும் போன்றவர்கள். அதே சமயம், இந்த முறையை ஏழையின் தலையில் போடும் தடியாக மாற்றப் பார்ப்பவர்களையும் விடக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் வாதம் முழுமை அடையும்.

விஷயம் என்ன என்று முதலில் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம்.

ஒரு வங்கி 100 பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் கடன் கொடுக்கிறது. மொத்தம் ஒரு கோடி. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் நூற்றில் மூன்று பேர் கட்ட முடியாமல் போவார்கள் என்று பழைய அனுபவம் சொல்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் போனால் அடமானம், ஜாமீன் எல்லாம் போக ஒரு கடனில் 60,000 ரூபாய் நஷ்டம். அப்படியானால் 3 × 60,000 = 1,80,000. நூறு கடனுக்கும் பிரித்தால் தலைக்கு 1,800 ரூபாய். இந்தத் தொகையைக் கடன் கொடுத்த அன்றே லாபத்திலிருந்து ஒதுக்கி வைத்துவிட வேண்டும். கட்டாமல் போக எவ்வளவு வாய்ப்பு, போனால் எவ்வளவு நஷ்டம், அப்போது பாக்கி எவ்வளவு நிற்கும், இந்த மூன்றின் பெருக்கல்தான் 'எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு'. பின்னால் வரவேண்டிய பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் போடுவது இதற்கு மேல் ஒரு படி. அவ்வளவுதான். இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்.

இது முதல் நிலை. கடன் கொடுத்தபோது இருந்ததைவிட அபாயம் கணிசமாகக் கூடிவிட்டால் அது இரண்டாம் நிலைக்குப் போகும். அங்கே பன்னிரண்டு மாத நஷ்டம் போதாது, கடன் முடியும் வரை உள்ள காலம் முழுவதற்கும் எண்ண வேண்டும். அப்படிப்பட்ட பத்துப் பேரில் மூன்று பேர் கடைசியில் கட்டமாட்டார்கள் என்றால், அதே 60,000 ரூபாய் நஷ்டக் கணக்கில் தலைக்கு 18,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். உண்மையிலேயே கட்டாமல் போய்விட்டால் மூன்றாம் நிலை, 60,000 ரூபாயும் ஒதுக்க வேண்டும். 1,800, 18,000, 60,000. நோய் முற்ற முற்ற மருந்துச் செலவு கூடுவது போல.

இப்போது நம் நாட்டு வங்கிகள் செய்வது என்ன? தவணை 90 நாளுக்கு மேல் தவறினால்தான் வாராக்கடன். அதுவரை அது நல்ல கடன். நல்ல கடனுக்குப் பொதுவாக நூற்றுக்கு 40 காசு ஒதுக்கினால் போதும். விவசாயத்துக்கும் சிறுதொழிலுக்கும் 25 காசு. ஒரு லட்ச ரூபாய்க் கடனில் ஒருவர் 89 நாள் பாக்கி வைத்திருக்கிறார், கடையைப் பூட்டிவிட்டார், ஊரை விட்டும் போய்விட்டார். அன்றைக்கும் வங்கியின் புத்தகத்தில் ஒதுக்கீடு 400 ரூபாய். 91ஆம் நாள் திடீரென்று 15 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். இரண்டு நாள் இடைவெளியில் உலகம் அப்படியா மாறிவிட்டது? மாறியது உலகம் அல்ல. கண்ணைத் திறக்க வேண்டும் என்று சட்டம் சொன்ன தேதி வந்தது, அவ்வளவுதான்.

2008இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வங்கிகள் சரிந்தபோது இதே குறைதான் வெளியில் வந்தது. நஷ்டம் வாசலில் நிற்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் 'நடந்த பிறகுதான் எழுதலாம்' என்று பழைய விதி சொன்னது. ஆகவே சர்வதேசக் கணக்கியல் வாரியம் 2014 ஜூலையில் ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற விதியை முழுமையாக வெளியிட்டது. 2018 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலும் அதே நாளில் வந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தபோது, அரசின் டாலர் பத்திரங்களை வைத்திருந்த அங்குள்ள வங்கிகள் அதற்கான நஷ்ட ஒதுக்கீட்டைத் தங்கள் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. அமெரிக்கா இன்னும் கடுமை: 2020 முதல் அங்கே பெரிய நிறுவனங்கள் கடன் கொடுத்த முதல் நாளே ஆயுள் முழுமைக்குமான நஷ்டத்தை ஒதுக்குகின்றன.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2015இலேயே இந்திய விதி, இந்த் ஏஎஸ் 109, அரசிதழில் வந்துவிட்டது. வங்கிகளுக்கு 2018 ஏப்ரல் 1 என்று தேதியும் குறித்தார்கள். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு வருடம் தள்ளிவைத்தது, வங்கிச் சட்டத்தில் திருத்தம் வேண்டும் என்று காரணம் சொன்னது. 2019 மார்ச்சில் 'மறு அறிவிப்பு வரும் வரை' என்று மறுபடியும் தள்ளிவைத்தது. 2023 ஜனவரியில் விவாத அறிக்கை. 2025 அக்டோபர் 7 அன்று வரைவு விதிகள். அந்த வரைவில் உள்ள தேதி 2027 ஏப்ரல் 1. அதிலும் முதல் நாள் ஏற்படும் கூடுதல் பாரத்தை 2031 மார்ச் 31 வரை பிரித்துச் சுமக்கலாம் என்ற சலுகை உண்டு.

முப்பது வருடத்துக்கு மேல் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவன் நான். 'நாளைக்கு எழுதிட்டு வர்றேன் சார்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதல் நாள் நோட்டு இல்லை, இரண்டாம் நாள் பேனா இல்லை, மூன்றாம் நாள் பாட்டி ஊருக்குப் போனேன். எழுதாத பையனுக்கு அந்தக் கணக்கு தெரியாது என்பதுதான் எப்போதும் உண்மைக் காரணம். எழுதினால் அது தெரிந்துவிடும்.

தள்ளிப்போட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறீர்கள். தூரத்தில் தேட வேண்டாம். லட்சுமி விலாஸ் வங்கியைப் பாருங்கள். 1926இல் கரூரில் தொடங்கிய நம் தமிழ்நாட்டு வங்கி. சின்ன ஊர்களில் வணிகர்களும் ஓய்வூதியக்காரர்களும் அதன் பங்கை நகை போல பத்திரமாக வைத்திருந்தார்கள். 2016-17இல் அந்த வங்கி காட்டிய லாபம் சுமார் 256 கோடி, வாராக்கடன் நூற்றுக்கு 2.67. அடுத்த வருடமே சுமார் 585 கோடி நஷ்டம், வாராக்கடன் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து. அதற்கடுத்த வருடம் 15. 2020 மார்ச்சில் 25. நான்கு ரூபாய் கடனில் ஒரு ரூபாய் கெட்டுப்போயிருக்கிறது!

ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்த கடன் ஒரே இரவில் அழுகுமா? வாழைப்பழம்கூட அழுகுவதற்கு முன் கறுக்கிறது. 2.67 என்று எழுதிய அன்றே உள்ளே எத்தனை கடன் கறுத்துக்கொண்டிருந்தது என்பதைப் பழைய முறை கேட்கவில்லை, வங்கியும் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் அதே வங்கி, இருக்கும் பங்குதாரர்களிடம் உரிமைப் பங்கு என்று ஒன்று 122 ரூபாய்க்கு விற்றது. மூன்று வருடம் முடிவதற்குள், 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் பணம் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்து நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்கள் தப்பினார்கள். பங்குதாரரின் பங்கு மதிப்பு பூஜ்யம். 122 ரூபாய் கொடுத்தவருக்கும் பூஜ்யம்.

இந்தப் புதிய முறை இருந்திருந்தால் அந்த வங்கி பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் கொடுத்த கடனை எந்தக் கணக்கு முறையும் திருப்பி வாங்கித் தராது. ஆனால் 122 ரூபாய் கொடுப்பதற்கு முன் அந்தப் பங்குதாரருக்கு இரண்டாம் நிலைக் கடன் எவ்வளவு என்ற ஒரு வரி கண்ணில் பட்டிருக்கும். கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பைத்தான் தாமதம் பறித்தது.

தனியார் வங்கி மட்டும் என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் நாட்டின் வங்கிகளின் மொத்த வாராக்கடன் நூற்றுக்கு 11ஐத் தாண்டியது. 2016-17 முதல் ஐந்து வருடத்தில் பொதுத்துறை வங்கிகளுக்கு முட்டுக்கொடுக்க மத்திய அரசு சுமார் 3 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் கொடுத்தது. அது யார் பணம்? நீங்கள் டீக்கடையில் வாங்கும் பிஸ்கட்டுக்குக் கொடுக்கும் வரியும் அதில் உண்டு. இப்போது 2025 மார்ச்சில் அந்த விகிதம் 2.3க்கு இறங்கியிருக்கிறது. கூரை வேய இதுதான் சமயம். மழை பிடித்த பிறகு ஏணி தேடுவதா? 435ஆம் குறள் உங்களில் பலர் என்னிடம் ஒப்பித்ததுதான். இங்கே எழுத மாட்டேன். கருத்துப் பகுதியில் யார் முதலில் எழுதுகிறீர்கள் என்று பார்க்கிறேன்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: 'இது ஜோசியம். நடக்காத நஷ்டத்தை எப்படிக் கணக்கில் எழுதுவது?' பள்ளியில் 'மெல்லக் கற்போர்' பட்டியல் என்று ஒன்று உண்டு, ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று எழுதுவோம். அது ஜோசியமா? வருகைப் பதிவு, பழைய மதிப்பெண், வீட்டுச் சூழல் எல்லாம் பார்த்து எழுதுவது. முழு ஆண்டுத் தேர்வில் தோற்ற பிறகுதான் அவனைப் பற்றி யோசிப்பேன் என்று ஒரு ஆசிரியர் சொன்னால் அவருக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? கணிப்பு சில சமயம் தவறும். ஆனால் தவறாது என்று தெரிந்தே 'நஷ்டம் பூஜ்யம்' என்று எழுதுவதும் ஒரு கணிப்புதான், அதைவிட மோசமான கணிப்பு.

இரண்டாவது வாதம்: 'நம் நாட்டுக்கு இது ஒத்துவராது.' பெண்ணாடம் கடைத்தெருவில் டூவீலர் கடனும் நகைக் கடனும் கொடுக்கும் பெரிய நிதி நிறுவனங்களின் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள நிதி நிறுவனங்கள் எல்லாம் 2018 ஏப்ரல் 1 முதலே இந்த முறையில்தான் கணக்கு எழுதுகின்றன. சென்னையில் தலைமையகம் உள்ள சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம் போன்றவற்றின் ஆண்டறிக்கையைத் திறந்தால் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பட்டியலே இருக்கும். நம் மாவட்டத்து டிராக்டர் கடனுக்கு எண்ணத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வங்கிக்கு மட்டும் எண்ணத் தெரியாதா?

மூன்றாவது வாதம்: 'வங்கியின் லாபம் குறையும்.' ஆமாம், முதலில் குறையும். இன்று 31 நாள் முதல் 90 நாள் வரை பாக்கி உள்ள கடனுக்கு 40 காசு ஒதுக்குகிறார்கள். வரைவு விதியில் இரண்டாம் நிலைக்குப் பெரும்பாலான கடன் வகைகளில் குறைந்தது 5 சதவீதம் கேட்கிறார்கள். அதனால் குறைவது உண்மையான லாபம் இல்லை, இல்லாத லாபம். தராசில் விரலை வைத்து நிறுத்த கடைக்காரர் விரலை எடுத்தால் எடை குறையத்தான் செய்யும்.

நான்காவது வாதம்தான் முக்கியம்: 'முப்பது நாளில் ஏழையை மோசக்காரன் ஆக்கிவிடுவார்கள்.' இதில்தான் பொய்யும் பாதி உண்மையும் கலந்திருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

பொய் எது? இரண்டாம் நிலை என்பது உங்கள் மேல் எழுதும் குற்றப்பத்திரிகை அல்ல. வங்கி தன் லாபத்திலிருந்து தனக்காக எடுத்து வைக்கும் பணம். உங்கள் பாக்கி ஒரு ரூபாய் கூடாது, ஒரு ரூபாய் குறையாது. ஒதுக்கீடு என்பது தள்ளுபடியும் அல்ல. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது, அதை அரசு ஏற்றுக்கொண்டது. வங்கி தன் புத்தகத்தில் ஒதுக்குவது வேறு, அரசு தள்ளுபடி செய்வது வேறு. சிபில் மதிப்பெண் குறைவதும் புதிதாக வருவதல்ல. தவணை தவறினால் அந்தத் தகவல் இப்போதே போய்க்கொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று: இந்த வரைவு கிராம வங்கிகளுக்கும் சிறு நிதி வங்கிகளுக்கும் பொருந்தாது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அல்ல. செய்தியை அனுப்பியவர்கள் இதில் ஒன்றையாவது சொன்னார்களா?

பாதி உண்மை எது? முப்பது நாள் என்ற எண். அதைக் கண்ணை மூடிக்கொண்டு இயந்திரம் போல் போட்டால் அநியாயம் நடக்கும். ஆனால் இந்த் ஏஎஸ் 109 விதியே அதை ஒரு ஊகம் என்றுதான் சொல்கிறது. தகுந்த ஆதாரம் இருந்தால் மறுக்கலாம். 2020இல் கொரோனாவுக்காகத் தவணை தள்ளிவைத்தபோது, தவணை தள்ளிவைத்த ஒரே காரணத்தால் எல்லோரையும் இரண்டாம் நிலைக்குத் தள்ளாதீர்கள் என்று சர்வதேச வாரியமே சொன்னது. விதியில் மூளைக்கு இடம் இருக்கிறது. அந்த மூளையை யாருக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே கேள்வி.

இங்கேதான் நம் ஊர்க் கரும்புக்கு வருகிறேன். பெண்ணாடம் பக்கத்தில் இறையூர் அம்பிகா சர்க்கரை ஆலை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆலையின் சங்கு ஊதும் நேரத்தை வைத்து வீட்டில் உலை வைத்த குடும்பங்கள் உண்டு. அந்த ஆலையும் திருஆரூரான் ஆலைகளும் ஒரே குழுமம். கரும்புக்குப் பணம் பாக்கி என்றும், தங்களுக்குத் தெரியாமல் தங்கள் பெயரில் வங்கிகளில் கடன் வாங்கப்பட்டது என்றும் அந்த ஆலைகளுக்குக் கரும்பு போட்ட விவசாயிகள் புகார் எழுப்பினார்கள். பாபநாசம் வட்டம் திருமண்டங்குடியில் 2022 நவம்பர் 30 அன்று தொடங்கிய போராட்டம் எத்தனை காலம் நீண்டது என்று செய்தித்தாள் படித்தவர்களுக்குத் தெரியும். ஆலை திவால் நடவடிக்கைக்குப் போய்க் கை மாறியது.

கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 1966இல் வந்தது. கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்கிறது. அப்படியானால் கரும்பு வெட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயி யார்? அவரும் கடன் கொடுத்தவர்தான்! ஆலைக்குக் கடன் கொடுத்தவர். அவருடைய எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பை எந்த நோட்டில் எழுதுவது? வங்கிக்கு ஒதுக்கீடு செய்ய லாபம் இருக்கிறது, மூலதனம் இருக்கிறது, முட்டுக்கொடுக்க அரசு இருக்கிறது. இவருக்கு மனைவியின் தாலிக்கொடிதான் ஒதுக்கீடு. திவால் சட்டத்தில்கூட வங்கிகள் கடன் கொடுத்தோர் குழுவில் உட்கார்ந்து வாக்களிக்கின்றன. கரும்பு விவசாயி 'செயல்முறைக் கடனாளர்', பொதுவாக அங்கே அவருக்கு நாற்காலி இல்லை. சொத்தை விற்றுப் பிரிக்கும்போதும் அவர் முறை வங்கிகளுக்குப் பின்னால்தான் வருகிறது.

ஆலை 200 நாள் பணம் தராததால் விவசாயி 40 நாள் தவணை தவறினார் என்று வையுங்கள். கணினி அவரை இரண்டாம் நிலைக்குத் தள்ளும். அபாயம் எங்கே இருந்தது? விவசாயியிடமா, ஆலையிடமா? ஒரே ஆலைக்குக் கரும்பு போடும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மாதத்தில் தவணை தவறினால், நூற்றுக்கணக்கான பேர் திடீரென்று நாணயம் கெட்டுப்போனார்கள் என்று அர்த்தமா? கிளை மேலாளருக்கு இது தெரியும். மும்பையில் உள்ள மாதிரிக் கணக்குக்குத் தெரியாது. தெரிய வைக்க வேண்டும் என்பதுதான் என் சண்டை.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலும் இதே கதைதான். சின்னச் சூளை வைத்துப் பொம்மையும் மின்சாரப் பீங்கானும் செய்பவர் சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கிறார். சிறு, குறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாங்கியவர் 120 நாள் இழுத்தால் இவர் தவணை தவறும். யார் இழுத்தது என்பது கணக்கில் வராது, யார் தவறினார் என்பது மட்டும் வரும்.

ஆகவே விதியை நிறுத்து என்று கத்துவது தப்பான கதவைத் தட்டுவது. பழைய முறையிலும் இந்த விவசாயிக்கு நியாயம் கிடைக்கவில்லையே! தெரியாத கடனுக்கு நோட்டீஸ் வந்தது பழைய முறையின் காலத்தில்தான். பழைய முறை பெரிய கம்பெனியின் கறுப்பை மூடி வைக்க உதவியது, சின்னவருக்கு எந்தக் குடையும் பிடிக்கவில்லை. புதிய முறையில் குறைந்தபட்சம் 'எந்த ஊகத்தில் இந்த எண்ணைப் போட்டாய்' என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. கடன் அபாயத்தை எப்படி எடைபோட்டோம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும் என்று இந்த் ஏஎஸ் 107 சொல்கிறது. கேட்க வேண்டியது நாம்.

என்ன கேட்க வேண்டும்? மூன்று.

ஒன்று: தேதியை இனி தள்ளக் கூடாது. 2027 என்றால் 2027. கணினி தயாரில்லை, தரவு இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. 2015இல் வந்த விதிக்கு 2027 வரை பன்னிரண்டு வருடம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் காலம் அது.

இரண்டு: கரும்பு போன்ற ஒரே ஆலையை நம்பிய பயிருக்கும், ஒரே வாங்குபவரை நம்பிய சிறுதொழிலுக்கும், பாக்கி வைத்தது யார் என்று பார்க்காமல் முப்பது நாள் விதியைப் போடக் கூடாது. ஆலையின் நிலுவையை அபாயத்தின் காரணமாக ஆலையின் பெயரில் எழுதட்டும். ஆலை தடுமாறும்போதே அதற்குக் கொடுத்த கடனை இரண்டாம் நிலைக்கு மாற்றட்டும். அப்போது ஆலைக்கு மேலும் மேலும் கடன் கொடுக்கும் முன் கை நடுங்கும். விவசாயியின் பெயரில் கடன் கொடுக்கும்போது பணம் விவசாயியின் கையில்தான் போகிறதா என்று பார்க்கும் புத்தியும் வரும்.

மூன்று: இரண்டாம் நிலை என்பது கடனை மூடும் சாக்காக ஆகக் கூடாது. மெல்லக் கற்போர் பட்டியலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதை வைத்து இரண்டு விதமான ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பட்டியலில் உள்ள பிள்ளையை முன் பெஞ்சுக்குக் கொண்டுவந்து மாலையில் தனியாகச் சொல்லிக்கொடுப்பார். இன்னொருவர் அதே பட்டியலை வைத்து அவனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, தேர்ச்சி விகிதம் கெட்டுவிடும் என்று டி.சி. வாங்கச் சொல்வார். பட்டியல் ஒன்றுதான். வங்கியும் இப்படித்தான். இரண்டாம் நிலைக்கு வந்தவரைக் கூப்பிட்டுத் தவணையை அறுவடைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தால் மூன்றாம் நிலைக்குப் போகாமல் தடுக்கலாம். வங்கிக்கும் அதுதான் லாபம்: 18,000 ஒதுக்கியது 60,000 ஆகாமல் நிற்கும்.

என் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சில வார்த்தைகள். வங்கிக் கிளையில் இருப்பவர்களே, கடன் பரிந்துரைப் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். 'ஆலை நிலுவையால் தாமதம்' என்று நீங்கள் எழுதும் ஒரு வரிதான் அந்த ஊகத்தை மறுக்கும் ஆதாரம். ஆடிட்டர்களாக இருப்பவர்களே, நிர்வாகம் நீட்டும் எண்ணில் கையெழுத்துப் போடும் முன், அதற்குக் கீழே உள்ள ஊகத்தைப் படியுங்கள். நல்ல காலம் மட்டுமே வரும் என்று ஊகித்திருந்தால் சிவப்பு மையை எடுங்கள். பங்கு வாங்கும் மருமகன்களே, லாபத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டறிக்கையில் இரண்டாம் நிலைக் கடன் வருடா வருடம் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். கடன் வாங்கியிருக்கும் அண்ணன் தம்பிகளே, வருடம் ஒருமுறை உங்கள் கடன் தகவல் அறிக்கையை இலவசமாக வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாத கடன் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது.

அந்த ஃபார்வர்டு செய்தி இன்னும் யார் கையிலாவது இருந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் அதில் எந்த வங்கி, எந்த விதி, எந்தத் தேதி என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள். என் வாதத்தில் தப்பு இருப்பதாக நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். வழியோடு எழுத வேண்டும். வெறும் விடைக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
பெண்ணாடம்.